மனித உரிமை அமைப்புகளுக்கு நிதி தருவது யார் கடன்?

கொடுங்கோலாட்சி வீழ்ந்து மக்களாட்சி மலரும் காலத்தை உலகம் வாழ்த்தொலியோடு வரவேற்கிறது. தேர்தல் நடைபெறுகிறது, புதிய தலைவர் பொறுப்பேற்கிறார், அயல்நாட்டுத் தூதர்கள் மலர்ச்செண்டுகளோடு வருகின்றனர். இவ்வாரவாரத்திற்கிடையே ஒரு சிறு செய்தி எவர் செவியிலும் விழுவதில்லை. இருண்ட நாள்களில் சிறைப்பட்டோருக்காக மனு எழுதியும் காணாமற்போனோரின் பெயர்களைப் பதிவு செய்தும் வந்த அலுவலகம் ஒன்று, அடுத்த மாத வாடகைக்கு வழியின்றித் தவிக்கிறது என்பதே அச்செய்தி. "மக்களாட்சிதான் வந்துவிட்டதே, இனி உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டுக் கொடையாளர்கள் ஒதுங்கிக்கொள்கின்றனர். இக்கேள்வி பிழையானது என்பது நம் கருத்து. அதனினும் பெரிய பிழை, இச்செலவு நம்மைச் சார்ந்ததன்று, அயல்நாட்டார் பார்த்துக்கொள்வர் என்று அந்தந்த நாட்டு மக்களே எண்ணியிருப்பது. முதற்பிழையை விளக்கச் சிலி நாட்டின் வரலாறு போதும். இரண்டாவதைப் பேசும்போது நம் வீட்டு வாயிலுக்கே வர வேண்டியிருக்கும்.

சிலியின் ஏடுகள்

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையோரம் நீண்டு கிடக்கும் சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11 அன்று படைத்தலைவர் பினோசெட்டின் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசுத் தலைவர் சல்வதோர் அயெந்தே அன்றே மாண்டார். நாடாளுமன்றம் மூடப்பட்டது. விளையாட்டரங்குகள் சிறைக்கூடங்களாயின. எதிர்க்குரல் எழுப்ப எந்தக் கட்சிக்கும் சங்கத்திற்கும் இடமில்லாத அந்நிலையில், அடுத்த மாதமே கத்தோலிக்கர், லூத்தரன் சபையார், மெதடிஸ்டு சபையார், யூதர் முதலிய சமயத்தார் ஒன்றுகூடி அமைதிக்கான குழு ஒன்றினை அமைத்தனர். வழக்கறிஞரை அமர்த்தி ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கல் செய்வது, வேலை இழந்தோர் குடும்பங்களுக்கு உணவளிப்பது ஆகிய இரண்டும் அதன் பணிகள்.

ஈராண்டுகளுக்குப்பின் அக்குழுவை மூடிவிடுமாறு பினோசெட் வற்புறுத்தினார். குழுவின் தலைவர்களுள் ஒருவரான லூத்தரன் பேராயர் ஹெல்முட் ஃபிரென்ஸ் வெளிநாடு சென்றிருந்தபோது, அவர் நாடு திரும்பத் தடை விதிக்கப்பட்டது. 1975 இறுதியில் குழு கலைந்தது. ஆனால் சாண்டியாகோ நகரின் கர்தினால் ரவுல் சில்வா என்ரீக்கஸ் அத்துடன் அடங்கிவிடவில்லை. 1976 சனவரி முதல் நாளன்று அதே பணியைத் தம் மறைமாவட்டத்தின் ஓர் உறுப்பாகவே தொடங்கிவைத்தார். 'விக்காரியா' எனச் சுருக்கமாக வழங்கப்பட்ட அவ்வமைப்பு பேராலயத்தை ஒட்டிய கட்டடத்திலேயே இயங்கியது. சங்கம் என்றால் அரசு கலைத்துவிடலாம். திருச்சபையின் உறுப்பைக் கலைப்பது எளிதன்று. சமய நிறுவனத்தின் நிழல் எத்துணை வலிமையுடையது என்பதை உணர்ந்த ஒருவரின் செயல் இது.

விக்காரியாவிற்கு வேண்டிய பணத்தின் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்தே வந்தது. ஐரோப்பிய, வட அமெரிக்கத் திருச்சபைகளின் உதவி அமைப்புகள் அனுப்பின. முன்னைய குழுவிற்கு உலகத் திருச்சபைகள் மன்றம் பெருந்துணையாக இருந்தது. அப்பணம் எதற்குச் செலவாயிற்று என்பதே நாம் ஊன்றி நோக்க வேண்டியது. மாநாடுகளுக்கும் பளபளப்பான வெளியீடுகளுக்கும் செலவாகியிருந்தால் இன்று அதனைப் பற்றி எழுத ஒன்றுமிராது. வழக்கறிஞர்க்கு ஊதியம், தட்டச்சருக்கு ஊதியம், தாள், கரித்தாள், கோப்புப் பெட்டி, பேருந்துக் கட்டணம் என்று அது சென்றது. மகனைக் காணவில்லை என்று அழுதுகொண்டு வந்த தாயிடம் பெயர், நாள், இடம், கண்டவர் யார், வந்த வண்டி எது, எந்தச் சிறையில் எவர் அவனைப் பார்த்ததாகச் சொன்னார் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டனர். எழுதியதை நீதிமன்றத்திற்கு அனுப்பினர். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆயிரக்கணக்கான மனுக்களுள் ஏற்கப்பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை! தோற்கும் என்று தெரிந்தே எழுதினர். தோற்ற மனுவின் படி ஒன்று கோப்பில் தங்கியது.

1978ஆம் ஆண்டின் இறுதியில் லொங்கேன் என்னும் இடத்திலிருந்த பழைய சுண்ணாம்புக் காளவாயில் மனித எலும்புகள் கிடப்பதாகத் திருச்சபையின் செவிக்கு ஒரு செய்தி எட்டியது. விக்காரியாவினர் வழக்கறிஞரையும் இதழாளரையும் உடனழைத்துச் சென்று கண்டனர். 15 பேரின் எச்சங்கள். 1973 அக்டோபரில் காவலர்களால் பிடித்துச் செல்லப்பட்ட உழவர்களுடையவை அவை. 'காணாமற்போனோர் என எவருமில்லை, அவர்கள் வெளிநாடு ஓடிப்போனவர்கள்' என்று அதுவரை சொல்லிவந்த அரசின் சொல் அன்று பொய்யாயிற்று.

இப்பணி உயிருக்கு இறுதி தருவதாகவும் இருந்தது. விக்காரியாவின் ஆவணப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த ஹோசே மனுவேல் பரடா 1985 மார்ச்சில் வேறிருவரோடு கடத்தப்பட்டுக் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார். ஆவணங்களைத் தொகுத்துவைத்த ஒருவரைத் தேடிக் கொன்றனர் என்றால், அவ்வாவணங்களின் மதிப்பை நம்மினும் அக்கொலைஞர்கள் நன்கு அறிந்திருந்தனர் என்றே கொள்ளல் வேண்டும்.

வேறொரு நிதி வழியும் இருந்தது. காணாமற்போனோரின் தாயரும் மனைவியரும் சாக்குத்துணியின்மேல் பழந்துணித் துண்டுகளை வைத்துத் தைத்துப் படங்கள் செய்தனர். சிறை வாயில், வெற்று நாற்காலி, வீட்டைச் சோதிக்கும் காவலர் என்று தாம் கண்டவற்றையெல்லாம் ஊசியால் எழுதினர். 'அர்ப்பியேரா' எனப்படும் இத்துணிப் படங்களை விக்காரியா வாங்கி வெளிநாடுகளில் விற்கச் செய்து அப்பணத்தை அம்மகளிர்க்குச் சேர்ப்பித்தது. கிழிந்த துணியைக் கொண்டு சோறும் தேடி, சாட்சியமும் உரைத்த பெண்டிர் அவர்.

மாற்றம் வந்தபின்

1988 அக்டோபர் 5ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் பினோசெட் தோற்றார். 1990 மார்ச் 11இல் பத்ரிசியோ ஐல்வின் குடியரசுத் தலைவரானார். ஆயினும் பினோசெட் 1998 மார்ச் வரை படைத்தலைவராகவே நீடித்தார் என்பதை மறத்தலாகாது. 1978இல் இராணுவ ஆட்சி தனக்குத்தானே வழங்கிக்கொண்ட பொதுமன்னிப்புச் சட்டமும் நீங்கவில்லை. மக்களாட்சி வந்தது, கொலை செய்தோரும் உடன் இருந்தனர்.

இந்நிலையில் என்ன நேர்ந்தது? வெளிநாட்டு உதவி, இதுவரை அரசைப் புறக்கணித்து மக்கள் அமைப்புகளுக்கு வந்துகொண்டிருந்தது போய், இனிப் புதிய அரசிற்கே செல்லத் தொடங்கிற்று. மனித உரிமைப் பணியில் பழகிய அறிவாளர் பலர் அரசுப் பணிக்குச் சென்றனர். எஞ்சிய அமைப்புகள் இளைத்தன. விக்காரியா 1992 இறுதியில் மூடப்பட்டது. தன் கடமை முடிந்ததென்று திருச்சபை கருதியது போலும். நல்வாய்ப்பாக, ஏடுகளை எரித்துவிடவோ எடைக்குப் போட்டுவிடவோ இல்லை. அவற்றைக் காப்பதற்கென்றே ஓர் அறக்கட்டளையை விட்டுச் சென்றது.

அவ்வேடுகளின் பயனைக் காண நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை. ரவுல் ரெட்டிக் தலைமையில் அமைந்த உண்மை ஆணையம் 1991 பிப்ரவரியில் தந்த அறிக்கையில் 2,279 பேர் உயிரிழந்ததாகவோ காணாமற்போனதாகவோ பெயர் பெயராகக் கூறியது. ஓராண்டிற்குள் இதனைச் செய்ய இயன்றது எவ்வாறு? தள்ளுபடியான மனுக்களின் படிகள் இருந்ததனாலேயே. அதன்பின் 1998 அக்டோபரில் இலண்டனில் பினோசெட் கைதானார். 1999 முதல் சிலியின் நீதிமன்றங்கள் ஒரு புதிய வாதத்தை ஏற்கலாயின. உடல் கிடைக்காதவரை கடத்தல் என்னும் குற்றம் இன்னும் முடியவில்லை. முடியாத குற்றத்திற்கு 1978இன் மன்னிப்புச் சட்டம் பொருந்தாது என்பது அவ்வாதம். அவ்வாறாயின் கடத்தப்பட்டவர் யார், எந்நாளில், கடைசியாகக் கண்டவர் எவர் என்பதற்குச் சான்று வேண்டுமன்றோ! 1974இல் ஒரு தட்டச்சர் அடித்துவைத்த தாள் கால் நூற்றாண்டு கழித்து நீதிபதியின் மேசைக்கு வந்தது.

தமிழ் பயில்வோர்க்கு இவ்விடத்தில் கண்ணகி நினைவுக்கு வருதல் இயல்பே. பாண்டியன் அவையில் அவளுடைய சீற்றம் மட்டுமா வழக்கை வென்றது? அவள் கையில் இணைச்சிலம்பு இருந்தது. அது இல்லாதிருப்பின், கணவனை இழந்த பல்லாயிரம் பெண்களுள் ஒருத்தியாய் அவளும் வாயிற்காவலனால் விரட்டப்பட்டிருப்பாள். சிலியின் தாயர்க்கு அச்சிலம்பை இருபத்தைந்து ஆண்டுகள் பொத்திவைத்துக் கொடுத்தது கோப்புப் பெட்டி. சிலியின் இவ்வாவணத் தொகுதிகளை 2003இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

கொடையாளர்களின் திட்டமோ ஈராண்டு, மூவாண்டுக் கணக்குடையது. நீதியின் கணக்கு இருபத்தைந்து ஆண்டு. இவ்விரண்டும் பொருந்தாமையே மாறுகாலத்தின் பெருங்கேடு என்போம். தேர்தலைப் பார்வையிடவும் வாக்காளர் பயிற்சிக்கும் பணம் கொட்டும். பழைய கோப்பிற்கு அட்டை போடவும் ஆவணக்காப்பாளருக்கு ஊதியம் தரவும் எவரும் முன்வாரார். அவற்றில் நாடா வெட்டும் விழா இல்லையல்லவா!

'அந்நியப் பணம்' என்னும் பழி

அயல்நாட்டுப் பணம் என்றாலே ஐயுற வேண்டும் என்பார்க்கு வரலாறு துணை நிற்கிறது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அதே சிலியில் அயெந்தேயின் ஆட்சிக்கு எதிராக 1970 முதல் 1973 வரை அமெரிக்க உளவு நிறுவனம் எண்பது இலட்சம் டாலர் மறைவாகச் செலவிட்டது என்பதை அந்நாட்டு மேலவைக் குழுவே 1975இல் வெளியிட்டது. அதே அமெரிக்காவின் நாடாளுமன்றம் பின்னர் 1988 வாக்கெடுப்பை ஒட்டி, சிலியின் மக்களாட்சிக்கென்று பத்து இலட்சம் டாலர் ஒதுக்கியது. கவிழ்க்கக் கொடுத்த பை பெரிது. நிமிர்த்தக் கொடுத்தது சிறிது.

ஆயினும் இப்பழியைச் சுமத்துவோர் யார் என்றும் பார்க்க வேண்டும். எகிப்தில் 2011 பிப்ரவரியில் முபாரக் பதவி விலகினார். அவ்வாண்டு திசம்பரிலேயே கெய்ரோவில் உள்நாட்டு, வெளிநாட்டு அமைப்புகளின் அலுவலகங்களில் காவலர் புகுந்து சோதனையிட்டனர். உரிமமின்றி இயங்கியதாகவும் சட்டத்திற்குப் புறம்பாக வெளிநாட்டு நிதி பெற்றதாகவும் 43 பேர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2013 சூனில் அவர்கள் தண்டிக்கப்பட்டனர். 2018இல் மறுவிசாரணையில் விடுவிக்கப்பட்டனர். அவ்வழக்குத் தொடுக்கப்பட்ட காலத்தில் நாட்டை ஆண்ட இராணுவமோ ஆண்டுதோறும் 130 கோடி டாலர் அமெரிக்க உதவி பெற்றுவந்த ஒன்று. பீரங்கிக்கு வரும் அந்நியப் பணம் நாட்டுப்பற்று. வழக்கறிஞருக்கு வரும் அந்நியப் பணம் துரோகம்! நம் நாட்டில் வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் முதற்சட்டம் 1976இல், நெருக்கடி நிலையின்போது இயற்றப்பட்டது என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

இப்பழிக்கு வாதத்தால் விடை சொல்லலாம். சொந்தப் பணத்தால் சொல்லும் விடை அதனினும் உறுதியானது. அந்த நெருக்கடிக் காலத்திலேயே செயப்பிரகாசு நாராயணர் முதலியோரால் தோற்றுவிக்கப்பட்ட மக்கள் குடியுரிமைக் கழகம், எந்த நிதி நிறுவனத்திடமும் பணம் பெறுவதில்லை, உறுப்பினர் தரும் தொகையே போதும் என்று நெறி வகுத்துக்கொண்டது. அந்நெறி போற்றத்தக்கது. ஆனால் ஊதியம் பெறும் ஆள் இல்லாமல், மாலை வேளையில் வந்து உழைக்கும் நல்லோரை மட்டும் நம்பி ஆயிரம் கோப்புகளை எவ்வாறு காப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது.

முசுலிம் சமுதாயமும் இக்கடனும்

இனி நம்மவர் நிலை. சிலியின் திருச்சபை செய்ததை ஒரு முசுலிம் சமுதாயம் செய்ததுண்டா என்று கேட்பார்க்கு இந்தோனேசியாவைக் காட்டலாம். முழுமையான விடையன்று, பாதி விடை.

சகார்த்தாவில் 1970இல் அட்னான் புயோங் நசுத்தியோன் என்னும் வழக்கறிஞர் ஏழைகளுக்கான சட்ட உதவிக் கழகத்தைத் தோற்றுவித்தார். அன்று நகரின் ஆளுநராயிருந்த அலி சதிக்கின் படைத்துறையைச் சேர்ந்தவர். எனினும் நகராட்சிப் பணத்திலிருந்து அக்கழகத்திற்கு உதவினார். தம் நிர்வாகத்தின்மீதே வழக்குத் தொடுக்கக்கூடிய அமைப்பிற்குப் பணம் தந்த ஆட்சியாளர் அவர்! அத்தகையோர் அரியர். பின்னாளில் கழகம் நெதர்லாந்து போன்ற நாடுகளின் உதவியை நம்பலாயிற்று. 1991 நவம்பரில் கிழக்குத் தீமோரின் திலி நகரில் இராணுவம் நடத்திய படுகொலையை நெதர்லாந்து கண்டித்ததும், சுகார்த்தோ 1992 மார்ச்சில் அந்நாட்டின் உதவியையே மறுத்துவிட்டார். தன்னார்வ அமைப்புகளும் அப்பணத்தைத் தொடக்கூடாதென்று தடை வந்தது. ஒரே ஆணையில் கழகத்தின் அடுப்பு அணைந்தாற்போலாயிற்று.

1998 மே மாதம் சுகார்த்தோ வீழ்ந்தார். அவர் வீழ்வதற்கு இரு மாதம் முன்பு, காணாமற்போனோருக்காக 'கொன்ட்ராசு' என்னும் அமைப்பு தோன்றியது. அதை முன்னின்று நடத்திய முனீர் சையித் தாலிப் 2004 செப்டம்பர் 7 அன்று ஆம்சுடர்டாம் செல்லும் விமானத்தில் ஆர்செனிக் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார். மாற்றம் வந்து ஆறு ஆண்டுகள் ஆனபின் நடந்த கொலை இது! 'இனி உங்களுக்கு என்ன வேலை?' என்று கேட்ட கொடையாளர்கள் இதற்கு விடை சொல்லட்டும். 2007 சனவரி முதல் வியாழன்தோறும் சகார்த்தாவின் அதிபர் மாளிகைக்கு எதிரே கறுப்புக் குடை பிடித்து நிற்கும் வழக்கத்தைக் கொல்லப்பட்டோரின் குடும்பத்தார் தொடங்கினர். 1998 நவம்பரில் மகனைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்த சுமார்சி என்னும் தாய் அவர்களுள் ஒருவர்.

ஏழைகளின் வழக்கிற்கு அரசே பணம் தர வகைசெய்யும் சட்டத்தை இந்தோனேசியா 2011இல் இயற்றியது. நன்று. ஆனால் அரசே எதிர்வாதியாக நிற்கும் வழக்கிற்கு அரசின் பணத்தை எவ்வளவு நாள் நம்புவது? அதே நாட்டில் சகாத்து திரட்டும் அமைப்புகள் செழித்து வளர்ந்திருக்கின்றன. பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்திற்கும் மருத்துவமனைக்கும் மக்கள் அள்ளி வழங்குகின்றனர். அவ்வெள்ளத்தில் ஒரு வாய்க்கால் வியாழக்கிழமைக் குடைகளின் பக்கம் திரும்பியிருந்தால் 1992இன் ஆணைக்கு அஞ்ச வேண்டியிருந்திராது.

நம் ஊர்களிலும் இதே நிலைதான். ரமலானில் சகாத்துப் பணம் வீடு தேடிச் செல்கிறது. எத்தீம்கானாக்களும் மதரசாக்களும் கொடையால் வாழ்கின்றன. நம் கல்லூரிகளே வள்ளல்களின் கொடையால் எழுந்தவை அல்லவா? அனாதைக் குழந்தைக்குச் சோறும் துணியும் தருவதில் நம் சமுதாயம் எவருக்கும் பின்தங்கியதன்று. அக்குழந்தை அனாதையானது எவ்வாறு என்று கேட்கும் மனுவிற்கு மட்டும் நம் கணக்கேட்டில் தலைப்பு இல்லை. விக்காரியாவின் சிறப்பே, பசித்த குழந்தைக்கு உணவளித்த அதே கூரையின்கீழ் அதன் தந்தை எங்கே என்ற மனுவையும் எழுதியதில்தான் இருக்கிறது. நாம் பாதிக் கடமையோடு நிறைவு கொள்கிறோம்.

சகாத்துப் பணத்தை இவ்வாறு செலவிடலாகுமா என்ற ஐயம் எழும். திருமறை கூறும் எட்டு வகையாருள் அடிமைத்தளையில் இருப்போரை மீட்பதும் கடனில் மூழ்கியோரைக் கரையேற்றுவதும் உள்ளன. விசாரணையின்றிச் சிறையில் கிடப்பவரும் வழக்குச் செலவால் கடனாளியானவரும் அவற்றுள் அடங்குவரா என்பது ஆலிம்கள் தீர்ப்பளிக்க வேண்டிய வினா. தமிழாசிரியர்களாகிய நாம் அதில் முடிவு கூறத் துணியோம். ஆனால் சதகாவிற்கும் வக்ஃபிற்கும் அத்தகைய வரையறை இல்லை. கடை வாடகையை எழுதிவைக்கும் ஒரு செல்வர், அதில் ஒரு பங்கு ஏழை விசாரணைக் கைதிகளின் வழக்கிற்கும் அவ்வழக்குகளின் ஆவணங்களைக் காப்பதற்கும் என்று எழுதிவைத்தால் தடுப்பார் யார்? ஒவ்வொரு ஜமாஅத்தின் ஆண்டுக் கணக்கிலும் 'சட்ட உதவி, ஆவணம்' என்று ஒரு வரி இடம்பெறட்டும். தொகை சிறிதாயினும் ஆண்டு தவறாமல் வருவதாயிருக்க வேண்டும்.

"நம்மவர் துன்பமே தீர்ந்தபாடில்லை, மற்றவர்க்கும் சேர்த்து நாம் செலவிட வேண்டுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன், இளமையில் கலந்துகொண்ட 'ஹில்ஃபுல் ஃபுளூல்' என்னும் உடன்படிக்கையை இவர்கள் நினைவுகூர வேண்டும். பிற்காலத்திலும் அதனை உவந்து பேசிய அண்ணலார், அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் அப்போதும் இசைவேன் என்றார்கள். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்னும் செல்வரின் இல்லத்தில், அவர் அளித்த விருந்தின்போது அவ்வுடன்படிக்கை உறுதியாயிற்று. இடமும் உணவும் தந்த அவரையே அந்த அமைப்பின் முதற்கொடையாளர் எனலாம். அநீதிக்கு உள்ளானவரோ மக்காவாசி அல்லர். யமன் நாட்டின் சபீத் ஊரிலிருந்து சரக்கோடு வந்த அயலார். விலை தராமல் ஏமாற்றிய ஆஸ் இப்னு வாயில் குறைசியருள் செல்வாக்குள்ள தலைவர், கூடியிருந்தோர்க்கு உறவின்முறையார். அவர்கள் எழுந்து தம் உறவினரின் வாயிலுக்கே சென்றனர். வணிகரின் பொருள் அவரிடம் திரும்ப வந்தது.